ரோவில் ஐஸ் அரங்கின் புள்ளிப் பதிவாளர்

ரோவில், மெல்பேர்ன்
21 ஏப்ரல் 1975

அன்புள்ள பவளத்துக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? வைத்தியர் சொன்ன எண்ணெயைப் பூசுகிறாயா, அல்லது அலுமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். நான் ஐஸ் விளையாட்டு நடக்கும் இடத்தில் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பதாகவும், மருமகன் இந்த வயதில் என்னை வேலைக்கு அனுப்பிவிட்டதாகவும் சிட்னியில் நம் ஊர் வாசுதேவன் சொல்லித் திரிகிறாராம். பிழை. டிக்கெட் கிழிப்பவள் டோரிஸ் என்ற பெண். நல்லவள். நான் கிழிப்பதில்லை, எழுதுகிறேன். கிழக்கு வட்டார ஐஸ் ஹொக்கி லீக்கின் நேரக் கணக்கரும் புள்ளிப் பதிவாளரும் நான். என்னை யாரும் அனுப்பவில்லை. கேட்டார்கள், சம்மதித்தேன்.

நடந்தது இதுதான். இங்கே முன்பு அப்பிள் தோட்டங்கள் இருந்தன. மிஸ்டர் பென்டிக் என்பவருக்கு அப்பிள்களைக் குளிரில் வைக்கும் பெரிய கொட்டகை ஒன்று உண்டு. அதன் இயந்திரங்களைப் பார்ப்பதற்குத்தான் நம் மாப்பிள்ளை கேதீஸ்வரன் எஞ்சினியராக வந்தவர். தோட்டங்களை வெட்டி வீடு கட்டத் தொடங்கியதும் அப்பிள் வரத்து நின்றது. கொட்டகையை என்ன செய்வது என்று பென்டிக் தலையைச் சொறிந்தாராம். அப்பிளைக் குளிர வைத்த இயந்திரம் தரையையும் குளிர வைக்கும் என்று மாப்பிள்ளை சொன்னாராம். தரையில் குழாய் பதித்து, தண்ணீர் விட்டு, உறைய வைத்து, போன குளிர்காலம் மூன்று அணிகளோடு லீக்கைத் தொடங்கிவிட்டார்கள். இந்த வருடம் நான்கு: ரோவில், லிலிடேல், டான்டினோங், பாக்கென்ஹாம். ஆடுபவர்கள் செக்கோஸ்லோவாக்கியா, பின்லாந்து, கனடா என்று பல தேசத்தார். அரங்குக்குள் நுழைந்தால் இன்னமும் அப்பிள் மணக்கும்.

ஒருநாள் மகள் வதனா மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். புள்ளித் தாளில் பியர் ஊற்றுண்டு கிடந்தது. ஒருவர் போட்ட கோல் இன்னொருவர் பெயரில். ஹவ்லிச்செக் என்ற செக்கோஸ்லோவாக்கிய மனிதரின் பெயரை எழுதத் தெரியாமல் "எச்" என்று மட்டும் போட்டிருந்தார்கள். ரோவில் அணியின் தலைவர் அவர்! கன்னியர் மடத்தில் பதினொரு வருடம் படித்தவள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அவரைக் கூப்பிட்டு, பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி, புதுத் தாளில் மையால் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு பென்டிக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வீட்டு வாசலில் நின்றார்.

இதை வாசுதேவனுக்கு வாசித்துக் காட்டு. பதில் எழுது.

அன்புடன்,
அக்கா சிவனேஸ்வரி


வென்ட்வேர்த்வில், சிட்னி
9 மே 1975

அன்பின் அக்கா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. எண்ணெய் அலுமாரியில்தான் இருக்கிறது, கோபிக்க வேண்டாம்.

வாசுதேவன் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப டிக்கெட் கிழிக்கேல்லையோ? எழுதிறவவோ? அது இன்னும் மோசமெல்லோ, ஆம்பிளையளின்ரை பல்லு விழுறதை எண்ணி எழுதோணும்!" என்றார். என் வீட்டுக்காரர் சிரித்து, தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

உண்மையாகவே கேட்கிறேன். வெள்ளைச் சேலையோடு அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? மற்றது, நீங்களும் கேதீசும் ஒரே இடத்தில் எப்படி வேலை செய்கிறீர்கள்? வதனா கலியாணம் முடித்து ஒன்பது வருடம். இன்றுவரை நீங்கள் மருமகனோடு நேரே ஒரு வார்த்தை கதைத்ததில்லை, அவரும் உங்களோடு கதைத்ததில்லை. வீட்டிலென்றால் வதனா நடுவில் நிற்பாள். ஐசில் யார் நிற்பது? மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைக்கக்கூடாது என்பதை நான் கப்பலேறியபோதே விட்டுவிட்டேன். என் மருமகனை நான் பெயர் சொல்லியே ஏசுவேன்.

இவர் விக்னராஜா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

தங்கை பவளம்


ரோவில்
3 ஓகஸ்ட் 1975

அன்புள்ள பவளத்துக்கு,

சுகம். இங்கே குளிர் கடுமை. சேலைக்கு மேல் மாப்பிள்ளையின் பழைய கம்பளிக் கோட்டைப் போடுகிறேன். வதனா கொண்டுவந்து தந்தாள். யார் கொடுக்கச் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். மரியாதை என்பது கப்பலில் ஏறும்போது கழற்றி வைக்கும் செருப்பு அல்ல. அதற்கு இடம் எங்கும் உண்டு. போன வாரம் வடக்குக் கோலுக்குப் பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கு மங்கிவிட்டது. கோல் விழுந்தால் அந்த விளக்கைப் போடுபவர் மாப்பிள்ளைதான். இரண்டு அணிக்கும் நம்பிக்கையான ஆள் வேறு கிடைக்கவில்லை. அவர் என் பெட்டியிலிருந்து (நான் இருந்து எழுதும் சின்ன அறையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஒரு முழம் தள்ளி நின்றார். நான் ஹவ்லிச்செக்கைப் பார்த்து, "விளக்கு மங்கலாக இருக்கிறது என்று எஞ்சினியரிடம் சொல்லுங்கள்" என்றேன். ஹவ்லிச்செக் திரும்பி, "எஞ்சினியர், விளக்கு மங்கலாம்" என்றார். "மாற்றுகிறேன் என்று மேடத்திடம் சொல்லுங்கள்" என்றார் மாப்பிள்ளை. ஹவ்லிச்செக் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் நாட்டில் ரஷ்யர்களோடு கதைப்பதற்குக்கூட இத்தனை தூதர் தேவைப்படவில்லை" என்றார். ஆட்டக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவர்களே பழகிவிட்டார்கள். நான் வாய் திறக்கும்போதே யாராவது ஓடி வந்து நடுவில் நிற்கிறார்கள்.

போன ஞாயிறு அறுநூறு பேர் வந்தார்கள். கோல் பற்றிச் சண்டை வந்தால் மத்தியஸ்தர் இரண்டு தலைவர்களையும் என் பெட்டிக்குக் கூட்டி வருவார். நான் தாளைத் திருப்பிக் காட்டுவேன். சண்டை முடிந்துவிடும். நகரத்துச் சங்கத்தார் எங்கள் தாள்களைக் கேட்டு வாங்கி, தங்கள் பதிவாளர்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். லீக்கின் விதிகள் முப்பத்திரண்டையும் நானே மறுபடி சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். ஒருவருடைய பெயரையும் நான் சுருக்குவதில்லை.

வாசுதேவனுக்கு: இதுவரை பல் இரண்டு. அவை என் கணக்கில் வராது.

அன்புடன்,
அக்கா


ரோவில்
22 ஓகஸ்ட் 1976

அன்புள்ள பவளத்துக்கு,

உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். தாமதத்துக்குக் காரணம் வேலை, நோய் அல்ல. உன் பேத்திக்கு அம்மை இறங்கிவிட்டது அறிந்து நிம்மதி.

லீக்கில் இப்போது ஆறு அணிகள். செப்டம்பர் 5ஆம் திகதி, ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு இறுதி ஆட்டம்: ரோவிலும் லிலிடேலும். பத்திரிகைக்காரர் வருகிறார். தொள்ளாயிரம் கதிரை போட்டிருக்கிறார்கள், அத்தனையும் போய்விட்டன. உனக்கும் விக்னராஜாவுக்கும் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், என் பெட்டிக்கு நேரே மேலே. வாசுதேவனும் வரலாம். நிற்கட்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு அது அப்பிள் கொட்டகை. இன்று மெல்பேர்னின் கிழக்கே ஐஸ் ஹொக்கி என்றால் ரோவில் என்கிறார்கள். அந்த ஐஸ் மாப்பிள்ளை உறைய வைத்தது. அது உறைந்த பிறகு நடந்தவை எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. நான் பெருமை பேசுபவள் அல்ல என்று உனக்குத் தெரியும். இதைப் பெருமையாகவே எழுதுகிறேன்.

ரயிலில் வா. பதில் உடனே எழுது.

அன்புடன்,
அக்கா


வென்ட்வேர்த்வில்
30 செப்டம்பர் 1976

அன்பின் அக்கா,

நாங்கள் வராததற்கு மன்னிக்க வேண்டும். இவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று தந்தி அடித்தேனே, வந்ததா? நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

நீங்கள் எழுதாததால் மற்றவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வாசுதேவன் அண்ணையின் மச்சான் அன்று அங்கே இருந்தாராம். கடைசி நொடியில் ரோவில் கோல் போட்டதாம். கேதீஸ் சிவப்பு விளக்கைப் போட்டாராம். நீங்கள் எழுந்து, தொள்ளாயிரம் பேருக்கு முன்னால், "என் மருமகன் பொய் சொல்கிறார்" என்றீர்களாம். ரோவில் தோற்றதாம். பத்து வருடமாக மருமகனோடு கதைக்காத மனுஷி கதைத்த முதல் வார்த்தை அதுதானாம். சிட்னி முழுக்க இதுதான் கதை.

நான் நம்பவில்லை. ஆனால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். கேதீஸ் எப்படி இருக்கிறார்?

பவளம்


ரோவில்
12 ஒக்டோபர் 1976

அன்புள்ள பவளத்துக்கு,

தந்தி கிடைத்தது. சுகம்.

"பொய்" என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அந்த மச்சானிடம் அதைச் சொல்.

நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். மூன்றாம் பாகம், அதுதான் கடைசி. லிலிடேல் நான்கு, ரோவில் மூன்று. மணிக்கூட்டு முள் பூச்சியத்தைத் தொட்டது. நான் பொத்தானை அழுத்தினேன். பொத்தானை அழுத்தினால் கூரையில் இருக்கும் மின்சார மணி அடிக்கும். அதே வேளை ஹவ்லிச்செக் அடித்த கறுப்பு இறப்பர்த் தட்டு கோலுக்குள் போயிற்று. சிவப்பு விளக்கு எரிந்தது. ரோவில் ஆட்கள் கையுறைகளை மேலே எறிந்தார்கள். லிலிடேல் ஆட்கள் நேரம் முடிந்துவிட்டது என்று கத்தினார்கள்.

மத்தியஸ்தர் முதலில் மாப்பிள்ளையிடம் கேட்டார். "கோல் விழுந்த பிறகுதான் மணி" என்றார் அவர். பிறகு என்னிடம் வந்து அதையே கேட்டார். இப்படியான இடத்தில் நேரக் கணக்கரின் வார்த்தையே முடிவு. "விளக்குப் போட்டவர் தவறாகக் கண்டிருக்கிறார்" என்றேன். ஆங்கிலத்தில், மத்தியஸ்தரைப் பார்த்து. அவ்வளவுதான். ஒலிபெருக்கி திறந்திருந்தது என்பது எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை தொப்பியை எடுத்துக்கொண்டு இயந்திர அறைக்குப் போனார். நான் தாளை நிரப்பினேன். லிலிடேல் நான்கு, ரோவில் மூன்று.

அவர் மூன்றாம் பாகம் தொடங்குமுன் பெட்டிப் பக்கம் ஒருமுறை வந்து போனார். வேறு ஒன்றும் இல்லை.

ரோஜாக்கள் பூக்கத் தொடங்கிவிட்டன. முழங்காலைக் கவனி.

அக்கா


வென்ட்வேர்த்வில்
15 ஜனவரி 1977

அன்பின் அக்கா,

தீபாவளிக்கு எழுதினேன், பதில் இல்லை. பொங்கலுக்கும் ஒரு வரி வரவில்லை. வதனாவின் வாழ்த்து மட்டையில் "அம்மா சுகம்" என்று இரண்டே சொல். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் எதையாவது ஒளிக்கும்போது இப்படித்தான் இரண்டு சொல்லில் கதைப்பாள்.

அக்கா, நான் நீதிமன்றம் இல்லை. யார் சரி என்று கேட்கவில்லை. வீட்டில் எப்படி என்று கேட்கிறேன். தூக்கம் வருகிறதா? சாப்பிடுகிறீர்களா? இங்கே வந்து ஒரு மாதம் நில்லுங்கோ. அறை இருக்கிறது.

பவளம்


ரோவில்
6 பெப்ரவரி 1977

அன்புள்ள பவளத்துக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வீட்டில் எல்லாம் வழமைபோல. இரவுச் சாப்பாடு இப்போது இரண்டு தரமாக நடக்கிறது. எனக்கும் வதனாவுக்கும் ஆறு மணிக்கு, மாப்பிள்ளைக்கு எட்டுக்கு. குசினியில் நெரிசல் இல்லை. வசதி.

லீக் முடிந்தது. நேற்று கடைசிக் கூட்டம். பென்டிக் கொட்டகையையும் நிலத்தையும் வீடு கட்டுபவர்களுக்கு விற்றுவிட்டார். டான்டினோங்கும் பாக்கென்ஹாமும் கார்த்திகையிலேயே விலகிவிட்டன, வேறு ஐஸ் இல்லாமல் எங்கே ஆடுவது? ஹவ்லிச்செக் எழுந்து, அந்த இறுதி ஆட்டத்தோடு ரோவில் பையன்களுக்கு மனம் விட்டுப்போயிற்று என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

நான் ஒரு வார்த்தை சொல்லி ஒரு லீக்கை உடைத்துவிட்டதாக உங்கள் பக்கம் கதை வரும். வந்தால் திருத்து. அப்பிளை விரட்டிய வீடுகள்தான் ஐசையும் விரட்டின. இங்கே தெருவுக்குத் தெரு அளவுக் குச்சி நட்டிருக்கிறார்கள். என் வார்த்தைக்கு அவ்வளவு பலம் இல்லை.

இயந்திரத்தை நிறுத்திய அன்று ஐஸ் உருகி வாசல்வரை வந்தது. மாப்பிள்ளை தும்புத்தடியால் தண்ணீரைத் தானே தள்ளிக்கொண்டிருந்ததாக டோரிஸ் சொன்னாள். நான் போகவில்லை.

ஒரு உதவி. மாப்பிள்ளைக்கு சிட்னியில் இறைச்சி வைக்கும் குளிரறை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு பார்க்கும்வரை உன்னிடம் தங்கலாமா? நான் கேட்கவில்லை, வதனா கேட்கச் சொன்னாள். வீடு கிடைத்ததும் வதனா போவாள். நானும் போவதா என்பது பற்றி இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து வீட்டுத் திறப்புக்கொத்து என்னிடம் இருக்கிறது.

அக்கா


வென்ட்வேர்த்வில்
27 மார்ச் 1977

அன்பின் அக்கா,

கேதீஸ் வந்து மூன்று கிழமை. நல்ல பிள்ளை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுகிறார். இவருக்கு அதைப் பார்த்துப் பயம், நான் பழகிவிடுவேன் என்று.

போன சனிக்கிழமை வாசுதேவன் அண்ணை சாப்பிட வந்தார். வாயைக் கட்டத் தெரியாத மனுஷன். சோற்றில் கை வைத்ததும் தொடங்கிவிட்டார்.

"என்ன தம்பி, மாமியார் உம்மை ஊருக்கு முன்னாலை பொய்யனாக்கிப் போட்டாவாம்?"

நான் அகப்பையோடு நின்றுவிட்டேன். கேதீஸ் குழம்பை ஊற்றிக்கொண்டே, "மாமி அப்பிடிச் சொல்லேல்லை" என்றார்.

"அப்ப ஆர் பிழை? நீரோ, அவவோ?"

"மாமி பொய் சொல்ல மாட்டா. அவவின்ரை விரலும் சரி. என்ரை கண்ணும் சரி. மணிதான் பிந்தினது."

"மணி எப்பிடியப்பா பிந்தும்? அதென்ன, கொழும்பு மெயிலோ?"

கேதீஸ் சிரித்தார். பிறகு விளங்கப்படுத்தினார். தொள்ளாயிரம் பேரின் மூச்சு அந்தக் குளிருக்குள் ஈரமாகி மின்சாரப் பெட்டிக்குள் இறங்கிவிட்டதாம். பொத்தானை அழுத்தி ஒன்று, ஒன்றரை நொடி கழித்துத்தான் மணி அடித்ததாம். இரண்டாம் பாகம் முடியும்போதே கண்டுபிடித்தாராம். திருத்த நேரம் இருக்கவில்லையாம்.

எங்கள் வீட்டுக்காரர் கேட்டார், "அப்ப அதை ஆருக்கும் சொல்லேல்லையோ?"

"சொன்னனான்" என்றார் கேதீஸ்.

"ஆருக்கு?"

கேதீஸ் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். குழாயைத் திறந்து கழுவத் தொடங்கினார். வாசுதேவன் அண்ணைகூடப் பிறகு பகிடி விடவில்லை.

அக்கா, அவர் யாருக்குச் சொன்னார்? உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் விடுங்கோ.

ஹரிஸ் பார்க் பக்கம் வீடு பார்க்கிறார். நேற்று ஒன்று பார்த்துவிட்டு, அறை இரண்டுதான், காணாது என்றார். மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன். "வதனாவைக் கேட்க வேணும்" என்றார். நீங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடம்.

தங்கை பவளம்


ரோவில்
4 ஏப்ரல் 1977

அன்புள்ள மருமகன் கேதீஸ்வரனுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் வதனாவும் சுகம். பவளத்தின் சமையலில் உப்புக் கூடும், இதற்குள் தெரிந்திருக்கும். அவளிடம் சொல்ல வேண்டாம்.

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நேரே சொல்லும் முதல் வார்த்தைகளும் இவைதான். வதனாவுக்குத் தெரியாமல் எழுதவில்லை; ஆனால் அவளிடம் வாசிக்கக் கொடுக்கவில்லை.

இறுதி ஆட்டத்தன்று, மூன்றாம் பாகம் தொடங்குமுன், நீங்கள் என் பெட்டிக்கு வந்தீர்கள். டிக்கெட் வேலை முடித்து என்னோடு இருந்த டோரிஸ் தேநீருக்குப் போயிருந்தாள். ஆட்டக்காரர் எல்லோரும் உடை மாற்றும் அறையில். நடுவில் நிற்க ஒருவரும் இல்லை. நீங்கள் பெட்டியின் கதவைப் பார்த்து, "மணி இண்டைக்குப் பிந்தித்தான் அடிக்குது. ஆரும் முள்ளை நம்ப வேண்டாம், சத்தத்தைக் கேட்டு எழுதோணும்" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் நின்றீர்கள். பிறகு போய்விட்டீர்கள்.

நான் அதைக் கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எனக்கு என்று சொல்லப்படாததைக் கேளாததுபோல் இருப்பதே ஒழுங்கு என்று வளர்ந்தவள். அப்படியே பேனாவைத் துடைத்துக்கொண்டு இருந்தேன். டோரிஸ் திரும்பி வந்ததும், எஞ்சினியரைக் கேட்டு வா என்று அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. என் மணிக்கூட்டையும் என் விரலையும் பற்றி இன்னொருவர் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை என்று நினைத்தேன். இதை வளர்ப்பின் மேல் போட முடியாது. இது நான்.

மத்தியஸ்தர் கேட்டபோது என் விரல் செய்ததைச் சொன்னேன். அது உண்மை. ஆனால் அவர் கேட்டது மணியைப் பற்றி. லீக்கின் பதினான்காம் விதி, ஒரு பாகம் மணி ஒலிக்கும்போது முடிகிறது என்கிறது. பொத்தானை அழுத்தும்போது என்று அதில் இல்லை. அந்த விதியை என் கையால் பிரதி எடுத்தவள் நான். விளக்கு எரிந்ததையும் கண்டேன், பிறகு மணி ஒலித்ததையும் கேட்டேன். கோல் செல்லும். அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரிலும் சரியாகக் கண்டு சரியாகச் சொன்னவர் நீங்கள் ஒருவரே.

"நான் மேடத்திடம் சொன்னேன்" என்று அன்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும். பென்டிக் கத்தியபோதும் சொல்லவில்லை. ஹவ்லிச்செக் முகத்தைத் திருப்பியபோதும் சொல்லவில்லை. இப்போது வாசுதேவன் கேட்டபோதும் கோப்பை கழுவப் போனீர்களாம். ஏழு மாதம் என் பெயருக்காகப் பொய்யன் என்ற பெயரைச் சுமந்திருக்கிறீர்கள். என் மகளுக்கு நானும் அவள் தகப்பனாரும் பார்த்த சம்பந்தம் இது. அந்த நாளில் நாங்கள் எடுத்த முடிவைப் பற்றி எனக்கு இன்று இருக்கும் பெருமை முன்பு இருந்ததில்லை. இதை எழுத எனக்குத் தயக்கம் இல்லை.

லிலிடேல் தலைவர் மக்ரேக்கும் ஹவ்லிச்செக்குக்கும் இரண்டு கடிதங்கள் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். ரோவில் வென்றது என்று எழுதவில்லை. நான்குக்கு நான்கு என்று மட்டுமே எழுதியிருக்கிறேன். அதற்குமேல் ஆடியிருந்தால் யார் வென்றிருப்பார் என்று எனக்குத் தெரியாது, தெரியாததை எழுதமாட்டேன். லீக் இப்போது இல்லை. கிண்ணம் லிலிடேல் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, இருக்கட்டும். மூன்று வருடம் ஒரு வட்டாரத்தையே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுசேர்த்த ஆட்டம் அது. அதன் கடைசித் தாளில் பிழை இருக்கக்கூடாது.

வீடு பார்ப்பதாகப் பவளம் எழுதினாள். எத்தனை அறை என்பது உங்கள் இருவரின் தீர்மானம். இந்தக் கடிதத்தை அதற்கான விண்ணப்பமாக எடுக்க வேண்டாம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அன்று கோலுக்குப் பின்னால் நின்று நீங்கள் கண்டதையும் கேட்டதையும், என் பெட்டிக்கு வந்து சொன்னதையும், ஒன்றும் குறைக்காமல் எழுதுங்கள். அதை அந்த இரண்டு கடிதங்களோடும் இணைத்துத்தான் தபாலில் போடுவேன். வதனாவுக்கு எழுதும் கடிதத்துக்குள் "அம்மாவிடம் சொல்" என்று ஒரு வரியாக வைக்க வேண்டாம். உறையின் மேல் என் பெயரை எழுதி, எனக்கே பதில் அனுப்புங்கள்.

மாமி
சிவனேஸ்வரி அரியரத்தினம்